வைத்தியன் கற்ற மொழி

ஆபிரிக்கக் காட்டில் வைத்தியம் செய்த அல்பேர்ட் ஷ்வைட்சரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் இலேசில் நிறுத்துவதில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாவென்றால் அவர் வருவார். தாதியர் விழாவென்றாலும் வருவார். மலைநாட்டுத் தோட்டமொன்றில் யாரேனும் கண் சிகிச்சை முகாம் நடத்தினால், அங்கும் தலைமையுரையில் அவர் பெயர் தவறாது ஒலிக்கும். ஒலிப்பதில் பிழையில்லை. ஆயினும், ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தேயிலைச் செடிகளுக்கிடையே வாழ்ந்துகொண்டு அம்மனிதரைப் பார்க்கையில் எனக்குத் தோன்றும் எண்ணம் சற்று வேறானது. அவரைப் போற்றுவோர் கூறாது விடுகின்ற ஒன்றைக் கூறவே இதனை எழுதுகிறேன்.

அவர் துறவு பெரிது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1875 ஆம் ஆண்டில் அல்சாஸ் பிரதேசத்திற் பிறந்தவர். வேதசாஸ்திரத்திலும் தத்துவத்திலும் கரைகண்டவர். பாக் என்னும் இசைமேதையின் உருப்படிகளை ஓர்கனில் வாசிப்பதில் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றவர். இவ்வளவும் கைவந்த முப்பதாவது வயதில், மாணாக்கனாக மறுபடியும் வாங்கில் அமர்ந்து வைத்தியம் படிக்கத் தொடங்கினார். 1913 இல் மனைவி ஹெலனுடன், இன்று காபொன் எனப்படும் நாட்டின் ஒகோவே நதிக்கரையில் லம்பரீனே என்னும் இடத்திற் போய் இறங்கினார். முதல் வைத்தியசாலை ஒரு பழைய கோழிக்கூடு. நோயாளர் தோணிகளிற் குடும்பத்தோடு வந்து சேர்வர். உடன்வந்தோர் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைப்பர். ஒவ்வொரு நோயாளியின் கழுத்திலும் இலக்கம் எழுதிய அட்டை வட்டமொன்று நாரிற் கட்டித் தொங்கும். பகலெல்லாம் புண்ணும் சீழும் குஷ்டமும் உறக்கநோயுமாகக் கழியும். இரவானால், வெப்பநாட்டுக் காற்றைத் தாங்கத் துத்தநாகத் தகடு பொதிந்த பியானோவின் முன் அமர்ந்து பாக்கை வாசிப்பார்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றியும் ஒரு செய்தியுண்டு. அவருடைய வேதக் கருத்துகள் தம் மரபுக்கு ஒவ்வாதவை என்று பாரிஸ் மிஷன் சங்கத்தார் அஞ்சினர். வைத்தியம் மட்டுமே செய்வதாகவும், பிரசங்க விஷயத்தில் மீனைப்போல் வாய் திறவாதிருப்பதாகவும் வாக்களித்த பின்னரே அவர் அவர்களுடைய நிலத்தில் கால்வைக்க முடிந்தது. அங்கு சென்றபின், அவ்விடத்து மிஷனரிமாரே அவரை அந்த வாக்குறுதியினின்று விடுவித்தனர் என்பது வேறு கதை. பேசாத விசுவாசம் என்பது எனக்குப் பிடித்த பொருள். பேசுகின்ற விசுவாசத்தால் மலைநாட்டில் நாம் ஓரளவு களைத்தே போயிருக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மௌனத்தைப் பற்றியன்று. மற்றொரு மௌனத்தைப் பற்றி. ஷ்வைட்சரின் முதல் உதவியாளருள் ஜோசப் என்றொருவன் இருந்தான். முன்னாளிற் சமையற்காரன். நோயாளி கூறுவதை வைத்தியருக்குப் பெயர்த்துச் சொல்வதும் அவன் வேலையே. சமையற்கட்டிற் கற்ற பிரெஞ்சு மொழியல்லவா? காலில் வலியென்றால் ஆட்டுத்தொடையில் வலியென்பான். விலாவில் நோவென்றால் கறித்துண்டின் பெயரைச் சொல்வான். ஷ்வைட்சர் இதனை நகைச்சுவையோடு எழுதினார், உலகமும் சிரித்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அம்மண்ணோடு தொடர்புற்றிருந்து, 1965 இல் அங்கேயே கண்மூடிய அம்மகான், அம்மக்களின் மொழிகளைக் கற்றுத் தேர முயன்றாரல்லர். மொழிபெயர்ப்பாளன் ஒருவன் இறுதிவரை நடுவில் நின்றுகொண்டேயிருந்தான்.

எனக்கு இதில் சிரிப்பு வருவதில்லை. ஏனெனில் அந்த ஜோசப்பை நான் நம் ஜில்லாவிலே கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த மருமகள் ஒருத்தியை அழைத்துக்கொண்டு ஓர் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அவளுக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சலும் நாரி நோவும். வைத்தியர் இளைஞர், சிங்களவர், முகத்தில் களைப்பும் கருணையும் ஒருங்கே தெரிந்தன. சந்தைத் தமிழ் தெரிந்த சிற்றூழியர் ஒருவர் நடுவில் நின்றார். அந்தப் பெண் வெட்கத்தோடு, “முழுகாம இருக்கேன்” என்றாள். நம் பெண்கள் கர்ப்பத்தைக் குறிக்க அப்படித்தானே சொல்வார்கள்? ஊழியர் அதனை, “குளிக்கவில்லையாம்” என்று சிங்களத்திற் பெயர்த்தார். வைத்தியர், எத்தனை நாளாக என்று வினவினார். “ரெண்டு மாசமா” என்று பதில் வந்தது. வைத்தியர் முகம் சுளித்ததை அவள் கண்டாள். காரணம் விளங்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொன்னேன். அந்த இளைஞர் எழுதிக்கொண்டிருந்த மருந்துத் துண்டைக் கிழித்தெறிந்துவிட்டு வேறொன்று எழுதினார். கிழித்த துண்டில் என்ன மருந்து இருந்ததென்று நான் கேட்கவில்லை.

அவரை நான் குறைகூறவில்லை. அவருக்கு நம் பாஷையைக் கற்பிக்க யாரும் முன்வரவில்லை. அதனைக் கற்காமலே அவர் வைத்தியராகலாம் என்றுதான் நாடு அவருக்குச் சொல்லியிருந்தது.

இவ்விடத்தில், ஷ்வைட்சர் பிறப்பதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்னரே நம் தீவில் வந்திறங்கிய வேறொரு வைத்திய மிஷனரியை நினைவுகூர்தல் தகும். அமெரிக்க நாட்டில் மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் 1822 இல் பிறந்து, நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று, 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணிசெய்தவர். அவருக்கு முன்னரே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்ததுண்டு. அந்த ஸ்கடரின் பேத்தி ஐடாவே பிற்காலத்தில் வேலூரில் 1918 இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி நிறுவியவர். கிறீன் 1848 முதலே மாணாக்கரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். கற்றவர்கள் என்ன செய்தனர்? நல்ல சம்பளத்துக்கு அரசாங்க உத்தியோகம் தேடி வேற்றூர் போயினர். கிராமத்துப் பிணியாளன் இருந்த இடத்திலேயே இருந்தான். இதனைக் கண்ட கிறீன், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். தம் மாணாக்கர் நடையுடையில் ஆங்கிலேயராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

தமிழிற் கற்பிப்பதாயின் தமிழில் நூல் வேண்டுமன்றோ? அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் ஆகியவை அடங்கிய நூல் 1852 இலேயே வெளிவந்துவிட்டது. பிரசவ வைத்தியம் 1857 இல். இரண வைத்தியம் 1867 இல். கிரே என்பாரின் பேர்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதமாக 1872 இல். வைத்தியாகரமும் அதே ஆண்டில். கெமிஸ்தம் 1875 இல். எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். தமிழ்ச் சொல் கிடைத்தால் தமிழ்; இல்லையேல் வடமொழி; அதுவும் கைகொடாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவது; இதுவே அவர் கைக்கொண்ட நெறி. மாணாக்கரே மொழிபெயர்ப்பில் உடனுழைத்தனர். 1873 இல் தாய்நாடு திரும்பிய பின்னும் அவர் இவ்வேலையை விடவில்லை. மனுஷ சுகரணம் அச்சேறியது 1883 இல். அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியர் என்ற பொருள்பட அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

மருந்தைக் காட்டி மதத்தை விற்றார்கள் என்ற குற்றச்சாட்டை நான் மறந்துவிடவில்லை. நான் மாரியம்மன் கோவில் தீமிதியோடு வளர்ந்தவன், கிறிஸ்தவனல்லன். மிஷன் மருந்தகங்களில் மருந்துக்குக் காத்திருப்போருக்கு வேத வசனம் வாசிக்கப்படுவது வழக்கம். காத்திருப்பவன் எழுந்து போக முடியாதவன். அவனிடம் பிரசங்கம் செய்வதை நான் ஒப்புவதில்லை. இதனை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலரும் கிறீனும் பிறந்தது ஒரே ஆண்டில், 1822 இல், என்பது காலம் செய்த ஒரு வேடிக்கை. எனினும் பலன் யாது? யாழ்ப்பாணத்துச் சைவர் கிறீனின் மருந்தை வாங்கி உண்டனர்; சைவராகவே இருந்தனர். மதம் மாறியோர் சிலரே. அது கிறீனுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் அவர் உடற்கூற்றைத் தமிழாக்குவதை நிறுத்தவில்லை. எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப்பெயர் தேடுவதால் ஓர் ஆத்துமாவும் கூடுதலாகச் சபைக்கு வந்துவிடப் போவதில்லை. அந்த வேலையில்தான் நான் அவருடைய விசுவாசத்தைக் காண்கிறேன்; பிரசங்கத்தில் அன்று.

இனி மலைநாட்டுக்கு வருவோம்.

கிறீன் யாழ்ப்பாணத்தில் இறங்கிய அதே காலத்தில்தான் நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்துகொண்டிருந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வனாந்தரத்தூடு மாத்தளை நோக்கி நடந்தனர். வழிநெடுக வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் தொகை எவ்வளவென்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். மாண்டனர் என்பதில் வாதமில்லை. இம்மக்களுக்கென 1854 இல், தோட்டத் துரைமாரின் பணத்தோடும் சர்ச் மிஷன் சங்கத்தின் ஆதரவோடும் ஒரு மிஷன் தோன்றியது. அதன் பெயர் தமிழ்க் கூலி மிஷன். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து தோட்டந்தோட்டமாகப் போதித்தனர். பின்னர்ப் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. அந்தப் பள்ளிக்கூடங்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கூலியுயர்வையோ லயத்துக் கூரையையோ பற்றி உரத்துப் பேசும் சுதந்திரம், துரையின் பணத்தில் நடந்த மிஷனுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

வைத்தியம் சட்டத்தின் வழியே வந்தது. தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய வசதி செய்யும் சட்டம் 1872 இல் இயற்றப்பட்டது. மனுஷ அங்காதிபாதம் அச்சேறியதும் அதே ஆண்டில்தான் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். வடக்கே தமிழில் வைத்திய நூல்களும் தமிழிற் கற்ற வைத்தியரும். நடுவே மலையில் தமிழ் மட்டுமே அறிந்த பெருந்திரளான நோயாளர். இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போயிருக்க வேண்டியவை. ஆனால் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1870 இல், கொழும்பில் ஆங்கிலத்தில் வைத்தியப் பள்ளி தொடங்கியாயிற்று. அரசாங்கம் மதித்த வழி அதுவே. கிறீன் போன பின் மானிப்பாயின் தமிழ் வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆகவே மலைநாட்டுக்கு வேதம் தமிழில் வந்தது. மருந்து ஆங்கிலத்தில் வந்தது.

யாழ்ப்பாணத்தார் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாக்களிற் பலர் வடக்கிலிருந்து வந்த தமிழரே. பொறுமையும் கைராசியும் உள்ளவர்கள் அவர்களுள் இருந்தனர். அவர்களை இன்றும் வாழ்த்துகிற கிழவிகள் நம் தோட்டங்களில் உண்டு. ஆயினும் பொதுவில், ஒரே மொழி பேசியும் நடுவில் ஓர் உயரம் இருந்தது. தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருந்துச் சன்னலருகே நிற்க வேண்டும், பாட்டன் வயதுக்காரனுக்கும் “என்னடா உனக்கு?” என்ற கேள்விதான். உள்ளே வரும் நோயாளி உண்மையில் நோயாளிதானா, அன்றி வேலைக்குக் கள்ளமிடுகிறவனா என்ற ஐயம் அந்தச் சன்னலுக்குப் பின்னால் எப்பொழுதும் இருந்தது. ஏன்? டிஸ்பென்சருக்குச் சம்பளம் தருவது தோட்டம். அவர் கொடுக்கும் துண்டில்தான் அன்றைய ஓய்வும், கங்காணி எழுதும் பேரும் தங்கியிருந்தன. மருந்து கொடுக்கும் கை, துரையின் பெரட்டுக் களத்துக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஷ்வைட்சருக்கும் கிறீனுக்கும் இந்த இக்கட்டு இல்லை. அவர்களுடைய நோயாளி யாருடைய கூலியாளாக இருந்தாலும், வைத்தியர் அந்த எசமானின் ஆளாக இல்லை. தொண்டென்பதில் நான் முதன்மையாக மதிப்பது இந்தச் சுதந்திரத்தையே.

ஆகவே தமிழ் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. நம் சொந்த மொழியிலேயே நம்மை அவமதிக்க முடியும் என்பதை மலைநாட்டானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மொழி இல்லாமல் மரியாதை தொடங்கக்கூட முடியாது. ஷ்வைட்சரிடம் நான் காணும் குறையும் இதுவே. ஆபிரிக்கன் தமக்குச் சகோதரன், ஆனால் தம்பி என்ற கருத்தில் அவர் ஒருகால் எழுதினார். நம் வீடுகளில் தம்பிக்கும் சொத்தில் சமபங்குண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தம் அறிவென்னும் சொத்தை அவர் அங்கே பங்கிட்டாரா? ஆபிரிக்கரை வைத்தியராக்கும் பள்ளியெதையும் லம்பரீனேயில் நிறுவவில்லை என்ற குறை அவர் வாழ்நாளிலேயே எழுந்தது. 1960 இல் காபொன் சுதந்திரமடைந்தபோதும் அவர் வைத்தியசாலையின் வைத்தியர்கள் கடல்கடந்து வந்தவர்களாகவே இருந்தனர். கிறீனோ, தாம் போன பின் தம்மைத் தேடாதிருக்க வழிசெய்ய முயன்றார். உலகம் முன்னவருக்கு 1952 ஆம் ஆண்டின் நொபெல் சமாதானப் பரிசை அளித்தது. பின்னவர் பெயரை மானிப்பாயில் ஒரு வைத்தியசாலை தாங்கி நிற்கிறது. மலைநாட்டில் நூறு பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரியுமோ என்னவோ.

கிறீனின் நூல்கள் பழைமையடைந்துவிட்டன; இக்காலத்தில் வைத்தியப் பட்டத்தைத் தமிழில் கொடு என்று கேட்பது பேதைமை என்பர் சிலர். நான் அதைக் கேட்கவில்லை. வைத்தியர் எந்த மொழியிலும் படிக்கட்டும். நோயாளியை அவள் மொழியிலே விசாரிக்கட்டும். 1987 இல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதப்பட்டதற்கும் வெளிநோயாளர் பிரிவின் நீண்ட வாங்குக்கும் இடையிலுள்ள தூரத்தை, அதில் ஒரு காலைப்பொழுது இருந்து பார்த்தவர் அறிவர். 2017 இல் டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டிடம் திறக்கப்பட்டது. இந்தியப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். கட்டிடம் வேண்டியதே. ஆனால் கட்டிலுக்கு அருகில் நின்று, “எங்கம்மா நோவுது?” என்று கேட்கும் குரலைக் கப்பலில் ஏற்றி அனுப்ப எந்த அரசாலும் இயலாது.

என் விண்ணப்பம் சிறியது. மலைநாட்டு வைத்தியசாலைக்கு நியமனம் பெற்று வரும் ஒவ்வொரு வைத்தியருக்கும் தாதிக்கும், வேலை ஏற்கும் முன் மூன்று மாதம் தோட்டத் தமிழ் கற்பிக்க வேண்டும். பண்டிதத் தமிழன்று, தோட்டத் தமிழ். நெஞ்சு கரிப்பதற்கும் நெஞ்சு அடைப்பதற்கும் உள்ள வேறுபாடு, கிறுகிறுப்புக்கும் மயக்கத்துக்கும் உள்ள வேறுபாடு, பெண்கள் மாதவிலக்கையும் பிள்ளைப்பேற்றையும் எந்தச் சொற்களால் மறைத்துச் சொல்வார்கள் என்பது, இவையெல்லாம் அடங்கிய சிறு கைநூலொன்றை நம் ஆசிரியர்களும் தோட்டத்து மருத்துவச்சிமாரும் ஒரு விடுமுறைக் காலத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம். அச்சுச் செலவு ஒரு பரிசளிப்பு விழாவின் பூமாலைச் செலவுக்கு மேல் ஆகாது.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றுண்டு. கொழுந்தெடுப்பவளின் மகள் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் வைத்தியராகவும் வரவேண்டும். அவ்வாறு வந்தோர் இன்று இல்லாமலில்லை, தொகைதான் போதாது. அவள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கவேண்டும். அதற்கோ நம் தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆசிரியர் கிடையாது. பாடசாலை வளர்ச்சிச் சங்கக் கூட்டங்களில் விளையாட்டு மைதானத்தையும் வரவேற்பு வளைவையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுகின்ற நாம், அடுத்த கூட்டத்திலாவது அந்த வெற்றிடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, வலயக் கல்விப் பணிமனைக்குப் போவோமாக.